கிராங் மூக்குத் தேய்வும் ஆடும் புல்லியும்: அறிகுறியை வைத்துப் பிழை பிடிக்கும் முறை

பின்னேரம் கராச்சைப் பூட்டப்போகிற நேரத்தில் அச்சுவேலிப் பக்கமிருந்து ஒரு வான் வந்தது. ஐடிலில் விட்டால் முன்பக்கத்தில் 'டக் டக்' என்று தட்டுகிறது. ஓட்டி வந்த அண்ணை இறங்கின கையோடு சொன்னார்: "தம்பி, பிக் என்ட் போயிட்டுதாம். எஞ்சினை இறக்கவேணுமாம். கொழும்பில வேற எஞ்சின் ஒண்டுக்குச் சொல்லி வச்சிருக்கிறன்." பெல்ற்றுகளைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தேன். சத்தம் பாதிக்கு மேல் குறைந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கிராங்கின் முன்நுனியில் இருந்து பெல்ற்றைச் சுற்றுகிற கிராங் புல்லியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினால், கிராங் அசையாமலே புல்லி மட்டும் மூன்று நான்கு பாகை முன்னும் பின்னும் போய் வந்தது. பிக் என்ட், அதாவது பிஸ்டன் தண்டு கிராங்கைப் பிடிக்கிற பெயரிங், நன்றாகவே இருந்தது. கொழும்புக்குச் சொல்லி வைத்த எஞ்சினை அவர் அன்றிரவே வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

இப்படிப் பல வாகனங்கள் வருகின்றன. புல்லியில் இருக்கும் பிழைக்கு முழு எஞ்சினையும் பிரித்து, பெயரிங் மாற்றி, பூட்டி, அதே சத்தத்தோடு திரும்பக் கொண்டுபோனவர்களையும் கண்டிருக்கிறேன். அதனால்தான் இதை அறிகுறி அறிகுறியாக எழுதி வைக்கிறேன். வானுக்கும் காருக்கும் எழுதியிருக்கிறேன். லான்ட்மாஸ்டர் என்கிற இரு சக்கர உழவு மெசினுக்கும் தோட்டத்து இறைப்பு மெசினுக்கும் உள்ள வேறுபாட்டைக் கடைசிப் பக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விசயம் விளங்க வேண்டும். புல்லியைச் சுழற்றுகிற பாரம் முழுவதும், கிராங்குக்கும் புல்லிக்கும் இடையில் செருகியிருக்கும் கீ என்ற சின்ன இரும்புத் துண்டில்தான் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். கீ புல்லியைச் சரியான கோணத்தில் உட்கார வைப்பதற்குத்தான். பாரத்தைத் தாங்குவது நடுப் போல்ற்றின் இறுக்கமும், அந்த இறுக்கத்தால் முகத்தோடு முகம் அழுந்தி வருகிற பிடிமானமும். போல்ற் கொஞ்சம் தளர்ந்தால் பாரம் கீயின் தலையில் விழும். நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு தரம் வெடிக்கிறது. ஐடிலில் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் 1600 வெடிப்பு. ஒவ்வொரு வெடிப்பிலும் கிராங் முன்னே துள்ளி, அடுத்த அழுத்தத்தில் பின்னடைகிறது. அந்த 1600 துள்ளலும் சின்னக் கீயைச் சுத்தியலாக்கி, கிராங் மூக்கில், அதாவது அதன் முன்நுனியில், கீக்காக வெட்டியிருக்கும் காடி என்ற பள்ளத்தின் சுவரை அடித்து அகட்டிவிடும். கீயும் புல்லியும் கடையில் வாங்கலாம். மூக்கு கிராங்கோடு சேர்ந்தது. அதனால்தான் நேரத்தோடு பிடிக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

தொடங்க முன்: எஞ்சின் ஓடும்போது முன்பக்கத்தில் வேலை செய்வதென்றால் சாரத்தோடு கிட்டப் போக வேண்டாம். பெல்ற் துணியை இழுத்தால் கையையும் சேர்த்து இழுக்கும். ஸ்பானர் வைக்கும் வேலை என்றால் பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றிவிடுங்கள்.

ஐடிலில் தட்டுகிறது, ரேஸ் பண்ணினால் குறைகிறது

புல்லித் தட்டுக்கு இதுதான் நல்ல அடையாளம். ஐடிலில் கிராங்கின் துள்ளல் கூட, அதனால் தட்டும் கூட. வேகம் ஏற ஏறச் சுழற்சி சமமாகிச் சத்தம் மங்கும். பிக் என்ட் அப்படி இல்லை. பாரம் ஏறும்போது, ஏற்றத்தில் இழுக்கும்போதுதான் அது உரத்து அடிக்கும்.

மூன்று சோதனை இருக்கிறது. முதலாவது, வெளியே தெரிகிற பெல்ற்றுகளை எல்லாம் கழற்றி ஓடவிடுங்கள். தண்ணீர்ப் பம்ப் சுற்றாது, ஆகவே ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சத்தம் மாறினால் பிழை புல்லிப் பக்கம், அல்லது பெல்ற் சுற்றுகிற ஏதோ ஒன்றில். அடுத்தது, பெற்றோல் எஞ்சின் என்றால் எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக் வயரைக் கழற்றி, வயர் நுனியை எஞ்சின் உடம்போடு சேர்த்துக் கட்டிவிட்டு ஓடவிடுங்கள். ஒவ்வொரு சிலிண்டராக இப்படிச் செய்து பாருங்கள். ஒரு குறிப்பிட்ட சிலிண்டரின் ஸ்பார்க்கை வெட்டும்போது மட்டும் தட்டு அடங்கினால் அந்தச் சிலிண்டரின் பிக் என்ட்டைப் பார்க்க வேண்டும். எதை வெட்டினாலும் பெரிய மாற்றம் இல்லை என்றால் புல்லியை நம்பலாம். மூன்றாவது, நீண்ட ஸ்குறூ டிரைவரின் முனையை எஞ்சினின் முன்மூடியான ரைமிங் கவரிலும், பிறகு அடியில் ஒயில் நிற்கிற சம்பிலும் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக் கேளுங்கள். கவரில் கூர்மையாகவும் சம்பில் மந்தமாகவும் கேட்டால் சத்தம் முன்னால்தான் பிறக்கிறது.

எங்கள் ஆட்களின் காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். யுத்தத்தில் வடக்குக்கு 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் மொறிஸ் மைனரும் கேம்பிரிட்ஜும் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெயில் எஞ்சின் தட்டிக்கொண்டுதான் ஓடும். அந்தச் சத்தத்தோடு வளர்ந்த தலைமுறை தட்டைப் பெரிதாக எடுக்காது. "அது அப்பிடித்தான் தம்பி" என்பார்கள். இன்றைய வானில் அது அப்படித்தான் இருக்கக் கூடாது.

போல்ற்றைச் சுற்றிச் செந்தூள்

ஒரு சத்தமும் வர முன்னரே தெரிகிற அறிகுறி இது. நான் இதைத்தான் அதிகம் நம்புகிறேன். இரும்போடு இரும்பு மிக நுணுக்கமாக உரசும்போது கபில நிறத் தூள் வரும். சாதாரணத் துரு படலமாக ஒட்டியிருக்கும். இது கோப்பித்தூள் போல உதிரும்.

யாழ்ப்பாணத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. கோப்பாய், உரும்பிராய், இணுவில் பக்கத்து வாகனம் என்றால் பொனற்றைத் திறந்ததும் எல்லாமே செம்மண் தூள்தான். எது மண், எது இரும்பு என்று முதற்பார்வையில் தெரியாது. மண் எங்கும் ஒரே சீராகப் படிந்திருக்கும். உரசல் தூள் போல்ற் வாசரின் விளிம்பிலிருந்தும் கீ இருக்கும் பக்கத்திலிருந்தும் புறப்பட்டு, சுழற்சியில் வீசுண்டு, வெளிப்பக்கமாகக் கீறு கீறாகப் போயிருக்கும். சந்தேகம் என்றால் பெற்றோல் துணியால் துடைத்துச் சுத்தமாக்கி, போல்ற் தலையிலிருந்து புல்லி முகம் வரைக்கும் வெள்ளைப் பெயின்ற்றால் ஒரு நேர்கோடு கீறிவிடுங்கள். இரண்டு நாள் ஓடட்டும். கோடு முறிந்திருந்தாலோ, வாசரடியில் தூள் புதிதாக வந்திருந்தாலோ கழற்றுங்கள். குருநகர், மயிலிட்டிப் பக்கத்தில் கடற்காற்றுப்படுகிற வாகனங்களில் மேல்துரு வேகமாக வரும். அங்கே தூளை விட இந்தக் கோட்டை நம்புங்கள்.

புல்லி நெளிந்து ஓடுகிறது

முதலில் புல்லி என்ன வகை என்று பாருங்கள். பல எஞ்சின்களில் கிராங் புல்லி இரண்டு துண்டு. நடுவில் குடம், வெளியே வளையம், இடையில் றப்பர். கிராங்கின் அதிர்வைக் குறைப்பதற்காக அப்படி. வெயிலும் ஒயிலும் பட்டு றப்பர் செத்துவிட்டால், நடுப் போல்ற் கல்லுப்போல் இறுகியிருக்க வெளி வளையம் மட்டும் ஆடும். குடத்திலிருந்து றப்பரைத் தாண்டி வளையம் வரை ஒரு பெயின்ற் கோடு போட்டு ஓடவிட்டால் வளையம் நழுவியிருப்பது தெரியும். இதற்கு மருந்து புதுப் புல்லி மட்டுமே. வெல்டிங் வைத்து இரண்டையும் ஒன்றாக்குகிறார்கள். செய்யாதீர்கள். அந்த றப்பர் வாங்கிக்கொண்ட அதிர்வு முழுவதும் பிறகு கிராங்குக்குப் போகும்.

றப்பர் நல்லது, ஆனாலும் நெளிகிறது என்றால் ஒன்றில் புல்லி கோணல், அல்லது அது கிராங் மூக்கில் முழுதாக உட்காரவில்லை. நுண் அசைவைக் காட்டுகிற டயல் கேஜ் இல்லாவிட்டால் ஒரு கம்பியை எஞ்சின் உடம்பில் கட்டி, அதன் நுனியைப் புல்லி விளிம்புக்கு மிகக் கிட்டவாக நிறுத்தி, எஞ்சினைக் கையால் சுற்றி இடைவெளி மாறுகிறதா என்று பாருங்கள்.

பெல்ற் கீச்சிடுகிறது, சார்ஜ் லைற் மின்னுகிறது

பெரும்பாலும் பெல்ற் தளர்வு, அல்லது டைனமோ பெயரிங். எங்கள் பக்கத்தில் தண்ணீர்ப் பம்ப்பையும் பாருங்கள். சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீரை றேடியேற்றருக்கு விட்டால் உள்ளே காவி படியும். பம்ப் பாரமாகிவிட்டால் பெல்ற் வழுக்கும். வழுக்குகிறது என்று பெல்ற்றை மேலும் மேலும் இழுத்து இறுக்கினால் அந்த இழுவை கிராங் மூக்குக்குத்தான் போகும்.

இழுவை குறைந்தது, ஸ்டார்ட் கஷ்டம், ரைமிங் பார்த்தால் சரியாகக் காட்டுகிறது

ஆட்கள் அதிகம் அலைவது இதில்தான். வால்வு திறக்கும் நேரத்தைப் பிடிக்கிற ரைமிங் பெல்ற்றைச் சுற்றுகிற பல்லுச் சக்கரமும் அதே கிராங் மூக்கில், அதே கீயோடு இருக்கிறது. பல எஞ்சின்களில் வெளிப் புல்லி அந்தச் சக்கரத்தோடு சேர்த்துப் பூட்டப்பட்டிருக்கும். காடி அகன்று சக்கரம் சில பாகை பிந்தினால் வால்வும் ஸ்பார்க்கும் சேர்ந்து பிந்தும். ஆனால் ரைமிங் அடையாளம் இருப்பது புல்லியில். புல்லியும் கூடவே பிந்திவிட்டதால், ஸ்பார்க்கோடு மின்னுகிற ரைமிங் லைற்றைப் பிடித்துப் பார்த்தால் குறி சரியான இடத்தில் நிற்கும்! வெளியே பார்த்து ஒரு பிழையும் சொல்ல முடியாது.

ஆகவே பிஸ்டனிடமே கேட்க வேண்டும். எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள், எஞ்சின் இலேசாகச் சுற்றும். முதலாம் சிலிண்டருக்குள் நீளமான பிளாஸ்ரிக் குச்சி ஒன்றை நேராக விடுங்கள். பிஸ்டன் உச்சிக்கு வர முன் குச்சியில் ஒரு கோடு போட்டு, அந்த உயரத்தில் புல்லி எங்கே நிற்கிறது என்று குறியுங்கள். உச்சியைத் தாண்டிப் பிஸ்டன் இறங்கி, குச்சி அதே கோட்டுக்கு வரும்போது இன்னொரு தரம் குறியுங்கள். இரண்டு குறிக்கும் நட்டநடுவில்தான் உண்மையான உச்சி. பிஸ்டன் உச்சியில் சிறிது நேரம் அசையாததுபோல் நிற்கும் என்பதால் நேரடியாகக் கண்மட்டத்தில் பார்த்தால் பிழைக்கும். நடு எடுக்கும் முறை பிழைக்காது. அந்த நடுவுக்கும் புல்லியின் குறிக்கும் வித்தியாசம் இருந்தால் ஒன்றில் கீ, அல்லது முன் சொன்ன றப்பர்.

வால்வும் பிஸ்டனும் முட்டக்கூடிய எஞ்சின் என்றால் இந்த நிலையில் ஓட வேண்டாம். கீ அறுந்தால் வால்வு வளையும்.

முன் சீலால் ஒயில் கசிகிறது

ஆடுகிற புல்லி, ஒயிலை மறிக்கிற றப்பர் வளையமான சீலின் உதட்டைத் தின்னும். புதுச் சீல் போட்டும் கசிந்தால், சீல் உரசுகிற இடத்தை நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டினால் பள்ளம் விழுந்திருக்கிறது. சீலை ஒரு மில்லிமீற்றர் அளவு முன்பின்னாக வைத்துப் புது இடத்தில் உரசவிடலாம், அல்லது மெல்லிய உருக்கு உறை போடலாம்.

புல்லி முன்னும் பின்னும் போய் வருகிறது

ஒரு ஆளைக் கிளச்சை மிதிக்கச் சொல்லிப் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு முன்னே வந்து போனால் புல்லியை விடுங்கள். கிராங்கின் நீளவாட்டு ஆட்டத்தைத் தடுக்கிற திரஸ்ற் வாசர் தேய்ந்திருக்கிறது. பொதுவாக அந்த ஆட்டம் கால் மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும். இது சம்பைக் கழற்றிப் பார்க்கும் வேலை.

கழற்றிய பிறகு

போல்ற்றைக் கழற்ற மேல் கியரில் போட்டு, பிரேக்கை ஒருவர் மிதித்துப் பிடிக்க, நீண்ட பிடியால் கழற்றுங்கள். புல்லியில் ஓட்டை இருந்தால் பிடிக்கும் கருவி ஒன்றை மாட்டுவது இன்னும் நல்லது. ஸ்பானர் பிடியை முட்டுக் கொடுத்து, ஸ்ராட்டரைச் சுற்றவிட்டுப் போல்ற்றைக் கழற்றும் பழக்கம் இருக்கிறது. பிடி நழுவினால் கை போகும், என் கராச்சில் அதற்கு இடமில்லை. மொறிஸ் மைனர் போன்ற பழையதில் நடுவில் இருப்பது கைப்பிடி மாட்டிச் சுற்றுகிற தலை. அதன் பின்னால் இருக்கும் பூட்டு வாசரின் மடிப்பை முதலில் நிமிர்த்த வேண்டும்.

கழற்றியதும் துடைக்க முன் பாருங்கள். முன் சொன்ன அந்த வானில் நான் கண்டது இது: போல்ற் வாசரின் பின்முகம் கண்ணாடிபோல் மினுங்கியது. மூக்கின் கீ வெட்டில் ஒரு பக்கச் சுவர் நேராக, கூராக இருந்தது. மறுபக்கச் சுவர் வாய்ப்பக்கம் அகன்று உள்ளே ஒடுங்கி, அடித்த வெள்ளிபோல் நசுங்கியிருந்தது. கீ இரண்டு படியாக வெட்டுண்டு, அதன் முன்நுனி சற்று வெளியே தள்ளி வந்திருந்தது. புல்லியின் உள் முகத்தில் அந்த நுனி அழுந்திய ஒரு சின்னத் தழும்பு. காரணம் அதுதான். முன்பு யாரோ ரைமிங் பெல்ற் மாற்றியபோது கீயை முழுதாக உள்ளே தள்ளாமல் புல்லியை ஏற்றியிருக்கிறார்கள். போல்ற்றை இறுக்கியபோது புல்லி கிராங் முகத்தில் உட்காராமல் கீயின் நுனியில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்பானருக்கு இறுக்கம் தெரிந்திருக்கும். சில நூறு கிலோமீற்றரில் கீ நசிந்து இறுக்கம் காணாமல் போயிருக்கும். அதற்குப் பிறகு வேறொரு இடத்தில் காற்றழுத்தத்தில் சுற்றுகிற ஸ்பானர்த் துப்பாக்கியால் அந்தப் போல்ற்றை மூன்று தரம் இறுக்கியிருக்கிறார்கள். ஏன் தளர்ந்தது என்று ஒரு தரமும் கழற்றிப் பார்க்கவில்லை.

சரி, இனி என்ன செய்வது? மூக்கின் தடிப்பை மைக்ரோமீற்றரால் மூன்று நான்கு இடத்தில் அளவுங்கள். காடிக்குள் புதுக் கீயை வைத்து மெல்லிய அளவுத் தகடான ஃபீலர் கேஜால் இடைவெளி பாருங்கள்.

மூக்கு வட்டமாக, காடிச் சுவர் நேராக இருந்தால் நீங்கள் தப்பிவிட்டீர்கள். புதுக் கீ, புதுப் போல்ற், உள்துளை தேய்ந்திருந்தால் புதுப் புல்லி. பழைய கீயைத் திருப்பிப் போட்டுக் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

காடி சிறிதளவு அகன்றிருந்தால் உருளைப் பாகங்களை ஒன்றோடொன்று இறுக்கி நிறுத்துகிற பொருத்துப் பசை கைகொடுக்கும். 1989இல் வந்த மாஸ்டா எம்.எக்ஸ்.5 காரின் முதல் 1.6 லீற்றர் எஞ்சின்களில் கிராங் மூக்கு சிறியது. இதே நோய் அந்தக் கார்களில் பேர்போனது. 1991இல் மாஸ்டா மூக்கைப் பெருப்பித்து, போல்ற் இறுக்கத்தையும் கூட்டியது. பழைய மூக்கோடு இருந்தவர்கள் லொக்டைட் 660 என்ற பசையை வைத்துக் காப்பாற்றிக்கொண்டார்கள். அரை மில்லிமீற்றர் இடைவெளி வரை நிரப்பக்கூடியது, 150 பாகை செல்சியஸ் வரை தாங்கக்கூடியது. செய்யும் முறை: மூக்கையும் சக்கரத் துளையையும் தின்னர் போட்டு ஒரு துளி ஒயிலும் இல்லாமல் துடையுங்கள். புதுக் கீயைக் காடியின் தேயாத சுவரோடு ஒட்டி நிறுத்துங்கள். காடியிலும் மூக்கிலும் பசையைப் பூசி, சக்கரத்தை ஏற்றி, முன் எடுத்த உண்மையான உச்சியோடு குறி பொருந்துகிறதா என்று பார்த்து, பசை இறுக முன்னரே போல்ற்றை உரிய அளவுக்கு இறுக்குங்கள். சீலின் உதட்டில் பசை படக்கூடாது. பிறகு 24 மணித்தியாலம் சாவியைத் தொடாதீர்கள். அவசரம் என்று அன்றைக்கே ஓட்டினால் செய்த வேலை வீண். பின்னாளில் கழற்றுவதென்றால் சூடாக்கித்தான் கழற்ற வேண்டும். வான்கார அண்ணைக்கு நான் செய்தது இந்த வேலைதான்.

மூக்கே முட்டை வடிவாகிவிட்டால் பசையை நம்ப முடியாது. கிராங்கை இறக்கி நல்ல லேத் பட்டறைக்குக் கொடுக்க வேண்டும். மூக்கை வெல்டிங்கால் நிரப்பிக் கடைந்து புதிதாகக் காடி வெட்டலாம், அல்லது பழைய காடிக்கு எதிர்ப்பக்கம் புதுக் காடி வெட்டலாம். அடிப்பக்கம் அகலமாகவும் மேல்பக்கம் அளவாகவும் படிவைத்த கீ ஒன்றைச் செய்வதும் உண்டு. யுத்தத்தில் யாழ்ப்பாணத்துக்கான பாதை பூட்டியிருந்த காலத்தில் உதிரிப்பாகம் வராமல் இந்தப் பட்டறைகள்தான் எங்கள் வாகனங்களை ஓட வைத்தன. அந்தக் கைகளில் எனக்குப் பெரிய மரியாதை இருக்கிறது. ஆனால் வெல்டிங் முடிந்ததும் கிராங் நேராக இருக்கிறதா என்று வி வடிவப் பள்ளம் உள்ள இரண்டு கட்டையில் வைத்து டயல் கேஜால் பார்த்துவிட்டுத்தான் வாங்குங்கள்.

எஞ்சினில் இருக்கும்போதே மூக்குக்கு வெல்டிங் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். சூட்டில் சீல் கருகும். எர்த்தை எஞ்சின் உடம்பில் மாட்டினால் மின்சாரம் மெயின் பெயரிங்குக்குள்ளால் பாய்ந்து அதில் பொட்டுப் பொட்டாகக் குழி விழுத்தும். கணினிப் பெட்டி உள்ள வாகனம் என்றால் அதுவும் போகலாம். நான் செய்வதில்லை.

லான்ட்மாஸ்டரும் இறைப்பு மெசினும்

ஒற்றைச் சிலிண்டர் டீசல் மெசினில் பெல்ற் புல்லி பெரும்பாலும் பெரிய சக்கரத்தோடு பூட்டியிருக்கும். அந்தச் சக்கரம் கூம்பான கிராங் நுனியில் இருக்கும். இங்கே பாரம் தாங்குவது கூம்பின் பிடி. நட் தளர்ந்து கீ அறுந்தாலும் டீசல் மெசின் ஓடிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் டீசல் அடிக்கும் நேரத்தைச் சக்கரம் தீர்மானிப்பதில்லை. அதனால் தோட்டக்காரர் தட்டுச் சத்தத்தோடே இறைப்பை முடிப்பார், கூம்பு நாசமாகும். பெற்றோல் பம்ப்பில் நிலைமை மறுபக்கம். காந்தம் சக்கரத்திலேயே இருப்பதால் கீ சற்று வெட்டுண்டாலே ஸ்பார்க் நேரம் மாறி, கயிறு கையைத் திருப்பி இழுக்கும், ஸ்டார்ட் ஆகாது.

கூம்பைச் சரிபார்க்க விளக்குக் கரியை மெல்லிதாகப் பூசி, கீ இல்லாமல் சக்கரத்தை ஏற்றி இலேசாகத் திருப்பிக் கழற்றுங்கள். முக்கால் பங்குக்கு மேல் தொட்டிருந்தால் சரி. இல்லையென்றால் வால்வ் அரைக்கும் பேஸ்ற்றைப் பூசிக் கையால் முன்னும் பின்னும் திருப்பி அரைத்து, மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவி, உலரத் துடைத்துப் பூட்டுங்கள். நட்டைச் சுத்தியலால் அடித்து இறுக்க வேண்டாம். பூட்டு வாசரின் காதை மடிக்க மறக்க வேண்டாம்.

பூட்டும்போது

கீ முழுதாக உள்ளே இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். புல்லி கையால் தள்ளியே முகத்தோடு உட்கார வேண்டும். போல்ற்றால் இழுத்து உட்கார வைத்தால் ஏதோ தடுக்கிறது என்று அர்த்தம். இறுக்கம், அளவு காட்டுகிற ரோர்க் ரென்சால், அந்த எஞ்சினின் புத்தகத்தில் உள்ள அளவுக்கு. சொன்ன எம்.எக்ஸ்.5இன் சிறிய மூக்குக்கு 108 முதல் 118 நியூற்றன் மீற்றர், பெரிய மூக்குக்கு 160ஐ ஒட்டி. ஒரே பெயர் கொண்ட எஞ்சினிலேயே இவ்வளவு வித்தியாசம் இருப்பதால் அடுத்த வாகனத்தின் அளவை இதற்குப் போடாதீர்கள். இத்தனை பாகை திருப்பு என்று கோணத்தில் இறுக்கச் சொல்லியிருந்தால் போல்ற் புதிதாகவே இருக்கட்டும்.

முடிவில் போல்ற் தலையிலிருந்து புல்லிக்கு அந்த வெள்ளைக் கோட்டைப் போட்டு, வாகனக்காரருக்குக் காட்டி விடுங்கள். 500 கிலோமீற்றரில் பொனற்றைத் திறந்து கோடு நேராக நிற்கிறதா என்று பார்த்தால் போதும். ஸ்பானர் வைத்து இறுகியிருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டாம், பசை போட்டிருந்தால் அதன் பிடி விட்டுவிடும். அச்சுவேலி வானில் நான் போட்ட கோடு தூசியில் மங்கியிருக்கிறது, இன்னும் முறியவில்லை.